வீல், டயர், சஸ்பென்ஷன்: ஸ்போர்ட்ஸ் கார் வாடிக்கையாளருக்கு விற்கும் முன்



உதிரிபாகக் கடை, டயர் கடை, அலாய் வீல் மொத்த வியாபாரம் ஆகியவற்றில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்காக எழுதப்படுவது இந்தப் பாடம். மற்றத் தொழிலில் உள்ளவர்களும் படிக்கலாம். இன்று கார் இல்லாத வணிகர் குடும்பம் குறைவு. வீட்டுப் பிள்ளை ஒருநாள் "அப்பா, காருக்குப் பெரிய வீல் போடலாமா?" என்று கேட்காமல் இருக்கப்போவதில்லை.

அரிசியில் கல் இருந்தால் வாடிக்கையாளர் மறுநாள் பையோடு திரும்பி வருவார். மாற்றிக் கொடுத்துவிடலாம். வீலில் பொருத்தம் தவறினால் திருப்பித் தருவதற்கு அவர் நல்லபடியாக வந்து சேர வேண்டுமே! நான்கு டயரும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். காரின் வேகம், பிரேக், திருப்பம் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே இருக்கின்றன. ஆகவே இந்தச் சரக்கை விற்பவர் அளவு தெரிந்து விற்க வேண்டும்; பொருந்தாததை "இல்லை" என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்துக்கு ஒரு கார்

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. எனவே ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மஸ்தா என்றால் நம்மவர்களுக்கு ஸ்வராஜ் மஸ்தா வண்டிதான் நினைவுக்கு வரும். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த அதே மஸ்தா நிறுவனம் 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு பேர் அமரும் திறந்த காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர். 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாரானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுவே.

நம் நாட்டு ஷோரூம்களில் இந்தக் கார் விற்பனைக்கு வந்ததில்லை. இருந்தும் பாடத்துக்கு இதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் இந்தக் காருக்காகவே வீல், டயர், சஸ்பென்ஷன் விற்கும் பெரிய சந்தை உருவாகியுள்ளது. அளவுகள் தெளிவாகத் தெரிந்த கார் இது. இதில் கணக்குப் போடக் கற்றவர் தம் கடைக்கு வரும் எந்தக் காருக்கும் போட்டுவிடலாம்.

முதல் தலைமுறைக் காரின் அளவுகளைக் குறித்துக்கொள்க:

டயர்: 185/60 ஆர் 14, சுமை எண் 82.
வீல்: 14 அங்குல விட்டம், 5½ அங்குல அகலம்.
போல்ட்: 4 போல்ட், 100 மி.மீ. வட்டம்.
ஆஃப்செட்: 45 மி.மீ.
நடுத்துளை: 54.1 மி.மீ.
நட்: 12 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ.
காற்று: 26 பவுண்டு.

முதல் கேள்வி: எங்கே ஓட்டப் போகிறார்?

வாடிக்கையாளர் கடைக்குள் வந்ததும் "எந்த மாடல் வேண்டும்?" என்று கேட்பது நம் பழக்கம். இந்தச் சரக்குக்கு அந்தக் கேள்வி இரண்டாவது. முதலில் கேட்க வேண்டியது, "வண்டியை எங்கே ஓட்டுவீர்கள்?" என்பதே. தினமும் அலுவலகம் போவதற்கா, வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்டுவதற்கா, பந்தயத் திடலுக்கா? பதிலைப் பொறுத்து டயரின் ரப்பர், வீலின் விட்டம், ஸ்பிரிங்கின் கடினம் மூன்றும் மாறும்.

அடுத்தது வரிசை. பலர் முதலில் அழகான வீலை வாங்குவார்கள். பிறகு அதற்கேற்ற டயரைத் தேடுவார்கள். கடைசியில் டயர் மட்கார்டில் உரசுகிறது என்று சஸ்பென்ஷன் கடைக்கு ஓடுவார்கள். இது தலைகீழ். டயர் முதலில், டயருக்கு ஏற்ற வீல் அடுத்து, சஸ்பென்ஷன் மூன்றாவது, வீல் அலைன்மெண்ட் நான்காவது. சாலையோடு பேசுவது டயர் ஒன்றே. மற்ற மூன்றும் அந்த டயரைத் தரையில் சரியாக உட்கார வைக்கும் ஏற்பாடுகள்.

டயர் எண்ணைப் படிக்கும் முறை

185/60 ஆர் 14 என்பதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவிகிதம் என்று பொருள். அதாவது 111 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 14 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

டயரின் மொத்த விட்டம் காண: மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர், நடுவில் வீல். 111 + 111 + 355.6 = 577.6 மி.மீ. வேகமானியும் கியர் விகிதமும் இந்த அளவை வைத்தே அமைக்கப்பட்டவை. வீலை மாற்றினாலும் இந்த மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே முதல் விதி.

இப்போது மூன்று மாற்று அளவுகளைப் பார்ப்போம்.

195/50 ஆர் 15: 97.5 + 97.5 + 381 = 576 மி.மீ. வேறுபாடு 1.6 மி.மீ.; நூற்றுக்கு அரைகூட இல்லை. நல்ல பொருத்தம்.

205/45 ஆர் 16: 590.9 மி.மீ. 2.3 சதவிகிதம் கூடுதல். பொருத்தலாம், ஆனால் உரசலை அளந்து பார்த்த பிறகே.

205/40 ஆர் 17: 595.8 மி.மீ. 3.2 சதவிகிதம் கூடுதல். வேகமானி 100 காட்டும்போது கார் 103-ல் போய்க்கொண்டிருக்கும். பக்கச்சுவர் வெறும் 82 மி.மீ. பள்ளத்தில் விழுந்தால் அடியைத் தாங்குவது டயர் அல்ல, ரிம்.

பெரிய வீல் போட்டால் கார் வேகமாக ஓடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. வீல் பெரிதானால் பெரும்பாலும் எடை கூடும். அந்த எடையும் சக்கரத்தின் விளிம்பை நோக்கி நகரும். வண்டியைக் கிளப்புவதற்கும் நிறுத்துவதற்கும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் எடையை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள வீல், டயர், பிரேக் ஆகியவற்றின் எடையோ ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். டயர் தரையை விட்டு எழும். ஏறக்குறைய 950 கிலோ எடையுள்ள இந்தச் சிறிய காரில் அந்த வேறுபாடு ஓட்டுபவருக்கு உடனே தெரியும்.

சுமை எண்ணும் வேக எழுத்தும்

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 82 எச், 84 வி போன்ற குறிகள் இருக்கும். எண், அந்த டயர் தாங்கும் சுமை: 80 என்றால் 450 கிலோ, 82 என்றால் 475 கிலோ, 84 என்றால் 500 கிலோ. எழுத்து, வேக வரம்பு: டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240. கார் தயாரிப்பாளர் குறித்ததைவிடக் குறைந்த எண்ணோ எழுத்தோ உள்ள டயரைக் கொடுக்கக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

அடுத்தது டயரின் வயது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கொள்முதல் செய்யும்போதே இந்த எண்ணைச் சரக்குப் பதிவேட்டில் எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். புதுப்பொலிவோடு தொங்கும் பழைய டயர் மழைநாளில் வழுக்கும். நம் நாட்டில் விற்கும் கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும் நினைவில் கொள்க.

வீலில் பார்க்க வேண்டிய ஐந்து

ஒன்று, போல்ட் வட்டம். நான்கு போல்ட்டுகளின் மையங்களையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பி.சி.டி. எம்.எக்ஸ்-5-க்கு 100 மி.மீ. சில ஐரோப்பியக் கார்களுக்கு 98 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நட்டை இழுத்து முறுக்கினால் வீல் உட்கார்ந்ததுபோல் தோன்றும். நட் சாய்ந்து நிற்கும். ஓட ஓடத் தளரும். கண்ணால் பார்த்து வீல் விற்பது துணியை முழம் போடாமல் கிழிப்பது போல. அளந்தே கொடுக்க வேண்டும்.

இரண்டு, நடுத்துளை. காரின் ஹப் 54.1 மி.மீ. சந்தையில் வரும் பொது வீல்களின் துளை பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக விடப்பட்டிருக்கும், 73.1 மி.மீ. துளை சாதாரணம். இடைவெளியை நிரப்ப நடுவளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீல் துல்லியமாக மையத்தில் உட்காராமல் போகலாம். பேலன்சிங் செய்த பிறகும் ஸ்டீயரிங் நடுங்கும். நடுவளையத்தின் விலை சொற்பம். அது கைவசம் இல்லாத கடைதான் நாலு முறை வாடிக்கையாளரின் புகாரைக் கேட்கும்.

மூன்று, நட்டின் அமர்வு. மஸ்தாவின் நட் கூம்பு வடிவம், 60 டிகிரி. ஹோண்டா தன் சொந்த வீல்களுக்கு உருண்டை அமர்வு நட் தருகிறது. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். வீல் மாறினால் நட்டும் மாற வேண்டுமா என்று பார்த்துச் சொல்வது விற்பவரின் கடமை. நட் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது ஏற வேண்டும். 12 மி.மீ. போல்ட்டில் மரை இடைவெளி 1.5 என்றால் 8 முழுச் சுற்று. கையால் சுற்றி எண்ணிவிடலாம்.

நான்கு, ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்புறமாக எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுவே ஆஃப்செட். வீலில் ஈ.டி. என்ற குறியோடு அச்சிட்டிருக்கும். எண் கூடினால் வீல் காருக்குள் போகும். குறைந்தால் வெளியே வரும்.

ஐந்து, தர முத்திரை. ஜப்பான் தர விதிக்கு உட்பட்ட அலாய் வீலில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை வார்க்கப்பட்டிருக்கும். அங்கே காலமுறைச் சோதனைக்கு வரும் காரில் இதைப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் வீலுக்கு ஒப்புதல் சான்று கேட்கிறார்கள். பெயர் தெரியாத வார்ப்பு வீல் மலிவாக வந்தால் முத்திரை எங்கே, தாங்கும் சுமை எவ்வளவு என்று மொத்த வியாபாரியிடம் கேட்டபின் வாங்குங்கள்.

ஆஃப்செட் கணக்கு

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கணக்கு எளிது. வீலின் பாதி அகலத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்க நீட்சி. கூட்டினால் உட்பக்க நீட்சி.

பழைய வீல், 5½ அங்குலம், ஆஃப்செட் 45. பாதி அகலம் 69.85 மி.மீ. வெளியே 24.85, உள்ளே 114.85.

1998-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் சில வகைகளுக்கு மஸ்தாவே 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம், 40 ஆஃப்செட் கொண்ட வீலும் 195/50 ஆர் 15 டயரும் கொடுத்தது. பாதி அகலம் 76.2. வெளியே 36.2, உள்ளே 116.2. பழையதோடு ஒப்பிட்டால் வெளியே 11 மி.மீ. கூடியது, உள்ளே ஒன்றேகால் மி.மீ. மட்டும். அகலம் கூடியதும் ஆஃப்செட்டைக் குறைத்து, உட்பக்க இடைவெளியை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். மொத்த விட்டமும் மாறவில்லை. விற்பனைக்கு வழிகாட்டியாக இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஒருவர் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 25 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 88.9. வெளியே 63.9, அதாவது பழையதைவிட 39 மி.மீ. வெளியே. உள்ளே சற்றுக் குறைவுதான். உள்ளே இடிக்காது, வெளியே மட்கார்டின் விளிம்பை உரசுமா என்று பார்த்தே தீர வேண்டும். தாழ்த்திய காரில் கேள்வியே அதுதான்.

ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷன்

ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வருவதைக் காயில்ஓவர் என்கிறார்கள். உடம்பில் மரை வெட்டியிருக்கும். வளையத்தைச் சுற்றினால் கார் உயரும், தாழும். இதில் இரண்டு வகை.

முதல் வகையில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு மட்டுமே ஏறி இறங்கும். மிகவும் தாழ்த்தினால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். இரண்டாவது வகையில் கீழ்ப் பகுதியையே தனியாக நீட்டிக் குறைக்கலாம். உயரம் மாறினாலும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் ஷாக்கின் ஓட்டமும் மாறாது. விலை கூடுதல். எந்த வகை என்று வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லி விற்க வேண்டும்.

தட்டை மேலே ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பணிமனைகளில் சொல்வார்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கில் அது நடக்காது. கார் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பி, சுருள் ஆகியவற்றில் உள்ளது. 4 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மி.மீ. அமுங்க 4 கிலோ வேண்டும். அதன்மேல் 200 கிலோ வைத்தால் 50 மி.மீ. அமுங்கும். 8 கிலோ ஸ்பிரிங் 25 மி.மீ. அமுங்கும். எடைக்கல் வைத்துப் பழகிய வணிகர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஷாக்கின் தலையில் உள்ள திருகு வேறு வேலைக்கு. ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தை அது கட்டுப்படுத்தும். முழுவதும் மூடிய நிலையிலிருந்து எத்தனை 'கிளிக்' என்று எண்ணி, இடம் வலம் இரண்டுக்கும் ஒரே எண் வைக்க வேண்டும். இறுக்கினால்தான் பந்தயக் கார் என்று முழுவதும் மூடிவிட்டால் மேடு பள்ளத்தில் டயர் துள்ளும், பிடி குறையும்.

எவ்வளவு தாழ்த்தலாம்? சாலைக்கு 25 முதல் 30 மி.மீ. வரை தாழ்த்துவதே புத்திசாலித்தனம். ஷாக்கின் அமுங்கும் தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. எம்.எக்ஸ்-5-ல் நான்கு சக்கரங்களுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டைக் கைகள் உண்டு. தாழ்த்தும்போது சக்கரத்தின் தலை உட்புறம் சாயும். நோக்கும் திசையும் மாறும். ஜப்பானிய விதிப்படி தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் 9 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அதுவே போதாது.

பொருத்தும் வரிசை

பணிமனை வைத்திருப்பவர்களும், பணிமனைக்குச் சரக்குக் கொடுப்பவர்களும் இந்த வரிசையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

1. சமதரையில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுக. பின்னால் ஒப்பிட இதுவே ஆதாரம்.

2. ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

3. பழைய தொகுப்பைக் கழற்றும்போது மேலே நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். அது அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. பழைய மேல்தட்டு மீண்டும் தேவைப்பட்டால், தொகுப்பை வெளியே எடுத்து ஸ்பிரிங் அமுக்கும் கருவி போட்ட பிறகே நட்டைக் கழற்ற வேண்டும். கையை முறிக்கும் விசை அதில் உள்ளது.

4. பிரேக் ஹோஸில் எடை தொங்கக் கூடாது. கேலிப்பரைக் கம்பியால் கட்டி வையுங்கள்.

5. புதிய தொகுப்பில் இடம் வலம் மரை அளவு ஒன்றாக இருக்கட்டும்.

6. கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. கார் தன் எடையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். உயர அளவும் பொய் சொல்லும்.

7. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி உரசலைப் பார்க்க வேண்டும். மட்கார்டு உள்விளிம்பில் சப்பாத்தி மாவு உருண்டை ஒட்டிவைத்து, சக்கரத்தை மெதுவாக மேலே தூக்கினால், மாவு எவ்வளவு நசுங்கியது என்பதே இடைவெளிக் கணக்கு.

8. வீல் நட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குக. இந்தக் காருக்கு 9 முதல் 12 கிலோ-மீட்டர் வரை. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

மூலை எடை

நான்கு கால் பெஞ்சில் ஒரு காலுக்கு அடியில் அட்டை செருகினால் என்ன ஆகும்? அந்தக் காலும் அதற்கு எதிர்மூலைக் காலும் கூடுதல் எடை தாங்கும். மற்ற இரண்டும் ஆடும். உயரம் மாற்றும் சஸ்பென்ஷனில் ஒரு மூலையை மட்டும் திருகினால் நடப்பதும் இதுவே. வெளியே பார்த்தால் கார் நேராக இருக்கும். ஒரு பக்கம் திரும்பும்போது நன்றாகவும் மறுபக்கம் திரும்பும்போது வழுக்கியும் போகும்.

நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தராசு வைத்து, ஓட்டுநர் எடையையும் இருக்கையில் வைத்து அளக்க வேண்டும். உதாரணத்துக்கு: முன் இடம் 262, முன் வலம் 248, பின் இடம் 241, பின் வலம் 259 கிலோ. மொத்தம் 1010. முன் இடமும் பின் வலமும் சேர்ந்து 521. மற்ற மூலைவிட்டம் 489. இரண்டும் 505 வீதம் வருவது நன்று. முன் இடத்தைச் சற்று இறக்கியும் முன் வலத்தைச் சற்று ஏற்றியும் சரி செய்யலாம். நாம் தினமும் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதன் இன்னொரு வடிவம்தான் இது.

கடைசியில் அலைன்மெண்ட்

உயரம் நிலைத்த பிறகே அலைன்மெண்ட். முன்னரே செய்தால் காசு வீண். எம்.எக்ஸ்-5-ல் நான்கு சக்கரங்களின் சாய்வையும் நோக்கையும் திருத்த முடியும். முன் சக்கரங்களில் காஸ்டரையும் திருத்தலாம். சாலைக்கு ஒரு டிகிரி அளவு உட்சாய்வு போதும். உட்சாய்வுதான் டயரைத் தின்கிறது என்பார்கள். அதைவிட வேகமாகத் தின்பது நோக்குத் தவறு. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சக்கரங்கள் ஒவ்வொரு மீட்டரிலும் ரப்பரைத் தேய்க்கும். முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கார் தாழ்ந்தால் விளக்கின் ஒளியும் இடம் மாறியிருக்கும்.

சட்டமும் நம் பொறுப்பும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே பந்தயத் திடலுக்கு மட்டும் உரிய பொருளை, அப்படியே பில்லில் எழுதிக் கொடுங்கள்.

விற்பவருக்கும் பங்கு உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 86-ஆம் பிரிவு, பொருளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் உரிய கவனம் காட்டாத விற்பனையாளரையும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாத விற்பனையாளரையும், அதனால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பாளியாக்குகிறது. பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளை எடுத்துப் போட்டுவிட்டு வீலை மட்டும் உருட்டிக் கொடுப்பது இனி ஆபத்து. அந்தத் தாள் பொருளோடு போக வேண்டும். வாங்கியதற்கு ஒரு கையெழுத்தும் வேண்டும்.

கொள்முதலுக்குச் சில குறிப்புகள்

வீல் நான்காகத்தான் விற்கும். வளையும்போது ஒன்றாகத்தான் வளையும். அதே மாதிரி ஒன்று கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் மற்ற மூன்றையும் கழற்றிவிட்டு வேறு கடைக்குப் போவார். ஆகவே ஒரு மாதிரியை எடுக்கும்போது ஐந்தாவது வீலும் மொத்த வியாபாரியிடம் தனியாகக் கிடைக்குமா என்று உறுதி செய்த பின் எடுக்க வேண்டும். கண்ணைக் கவரும் 17, 18 அங்குலச் சரக்கில் முதலை முடக்குவதைவிட, ஊரில் ஓடும் கார்களின் போல்ட் வட்டத்தையும் நடுத்துளையையும் ஒரு நோட்டில் எழுதி, அதற்கேற்ற நடுவளையமும் நட்டும் வைத்திருப்பது நல்லது. பில்லில் வீல் அளவு, ஆஃப்செட், டயரின் வார எண், நட் இறுக்கிய அளவு நான்கையும் எழுதுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் பேசுவது அந்தத் தாள்தான்.

பயிற்சிக் கணக்கு

கேள்வி 1: எம்.எக்ஸ்-5 வைத்திருப்பவர் 17 அங்குல விட்டம், 7½ அங்குல அகலம், ஆஃப்செட் 48 கொண்ட வீலும், சுமை எண் 80 உள்ள 205/40 ஆர் 17 டயரும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கேள்வி 2: வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் 10 மி.மீ. ஸ்பேசர் போட்டபின் நட் 5 சுற்று மட்டுமே ஏறுகிறது. போதுமா?

விடை 1: பாதி அகலம் 95.25. வெளியே 47.25, உள்ளே 143.25. பழையதைவிட வெளியே 22 மி.மீ., உள்ளே 28 மி.மீ. கூடுகிறது. உள்ளே ஷாக்கிலோ கைகளிலோ இடிக்கும் அபாயம் உண்டு. மொத்த விட்டம் 3.2 சதவிகிதம் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுமை எண் 82-லிருந்து 80-க்கு இறங்குகிறது. கொடுக்கக் கூடாது. 195/50 ஆர் 15 டயரையும் அதற்கேற்ற 6 அங்குல வீலையும் எடுத்துக் காட்டுங்கள்.

விடை 2: 5 சுற்று என்பது 7.5 மி.மீ. தேவை 12 மி.மீ. போதாது. நீளமான போல்ட் மாற்றாமல் அந்த ஸ்பேசரை விற்கக் கூடாது.

இரண்டு விடையிலும் முதலில் வருவது "கூடாது" என்ற சொல். அதைச் சொல்லும்போது கல்லாவில் அன்றைக்கு ஒரு விற்பனை குறையலாம். காரணத்தை எண்ணோடு எடுத்துச் சொன்னால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொள்வார்கள். பொருத்தமானதை அதே கடையிலேயே வாங்குவார்கள். கடையில் ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு டார்க் ஸ்பேனர், ஒரு நோட்டு ஆகிய மூன்றும் இருந்தால் இந்தப் பாடம் முழுவதையும் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிடலாம்.